உன் ஐயாவின் தகரப் பெட்டி

கொக்குவில்

அன்புள்ள குகன்,

மாரி முழுவதும் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. கோபத்தை நேரில் வந்து தீர்த்துக்கொள். அம்மாவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. தேவன் மகளுக்கு ஆவணியில் கல்யாணம். சோதியர் இன்னும் அதே சைக்கிளில் வந்து அதே கேள்வியைத்தான் கேட்கிறார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஈழத்து நூல்களை இணையத்தில் சேமிக்கும் நூலகம் நிறுவனத்தார் மின்வருடி வைத்திருக்கும் பழைய ‘ஈழநாடு’ பத்திரிகை இதழ்களை இரண்டு மாதமாக இரவு இரவாகப் படிக்கிறேன். படிக்கப் படிக்க உன் ஐயாவின் நினைவுதான். அங்கே ஈய எழுத்துக் கோத்துக் கறுத்த அந்த விரல்களால்தானே நமக்குக் கச்சான் உரித்துத் தருவார்!

கொழும்புப் பத்திரிகைகளில், வீரகேசரியை 1930இல் தொடங்கியவர் ஆவணிப்பட்டி சுப்பிரமணியம் செட்டியார். 1932இல் வந்த தினகரன் விஜேவர்த்தனவின் லேக் ஹவுஸ் பத்திரிகை நிறுவனத்துக்குச் சொந்தம். 1973இல் அந்த நிறுவனத்தையே அரசாங்கம் தன் கைக்குள் கொண்டுவந்துவிட்டது. இரண்டையும் படித்துத்தான் வளர்ந்தோம், குறை சொல்லவில்லை. ஆனால் நம் ஊர்க் கிணறு வற்றியது கொழும்பு மேசைக்கு எப்படித் தெரியும்? கே.சி. தங்கராசாவும் அவருடைய சகோதரர் சண்முகரத்தினமும் 1959இல் யாழ்ப்பாணத்திலேயே வாரப் பத்திரிகையாக ஈழநாட்டைத் தொடங்கி, 1961இல் நாளிதழாக்கியதன் பெறுமதி எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. முதலாளி நல்லூர்த் திருவிழாவில் எதிரே வருகிற மனிதர். செய்தி பிழை என்றால் வீதியிலேயே மறித்துக் கேட்கலாம். ஆசிரியர் கே.பி. ஹரனோ வீரகேசரியிலிருந்து வந்தவர். உடைமை ஊருடையது, தொழில் எங்கிருந்து வந்தாலும் வரவேற்பு. ஒரு பிராந்தியப் பத்திரிகை அப்படித்தான் இருக்க வேண்டும் என்பேன். நீ மறுத்தால் வழக்கம்போல் விடியும்வரை வாதாடத் தயார்.

குகன், 1981 ஜூனை நினைக்கிறாயா? யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் எரிந்த தொண்ணூற்றேழாயிரம் புத்தகங்களைப் பற்றி உலகமே பேசியது, பேசத்தான் வேண்டும். அதே நாள்களில் ஈழநாட்டு அச்சுக்கூடத்துக்கும் தீ வைத்தார்களே, அதை எத்தனை பேர் சொல்கிறார்கள்? உன் ஐயா திண்ணையில் சுவரைப் பார்த்தபடி இருந்தார். உன் அம்மா தேத்தண்ணியை மூன்று முறை சூடாக்கினார். பத்திரிகை மறுபடி அச்சேறிய நாளில்தான் அவர் சவரம் செய்தார்.

இந்த இதழ்களை வரிசையாகப் படித்துக்கொண்டே போனால் திடீரென்று இடைவெளி. ஒரு மாதம் இருக்கும், அடுத்த மாதம் இராது. எனக்கு நித்திரை வருவதில்லை.

உன் வீட்டுப் பின்னறையில், நெல் மூட்டைக்குப் பின்னால், ஐயாவின் தகரப் பெட்டி இருந்ததே! தான் கோத்த பக்கங்களை அதில்தான் மடித்து வைப்பார். நம்மைத் தொடவே விடமாட்டார். வீடு பூட்டிக் கிடக்கிறது, போன மழையில் கூரை ஓடு இரண்டு விழுந்ததைப் படலையடியில் நின்று பார்த்தேன். கறையான் போயிருந்தால் என்ன செய்வது?

திறப்பு யாரிடம் இருக்கிறது என்று உடனே எழுது. ரொறன்ரோவில் உன்னிடமே இருந்தால், ஆவணிக் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் யாரிடமாவது கொடுத்துவிடு. ஒரு தாளும் கிழியாமல் வருடி எடுத்துப் பெட்டியை அதே இடத்தில் வைப்பேன்.

உன்,
சிவா