வட்ட ஆட்டத்துக்கு மேடை எதற்கு?

ஐயா,

கேரளத்தின் அட்டப்பாடிப் பழங்குடி ஊர்களில் பொழுதுபோக்கு அரங்குகள் கட்டும் திட்டம் பற்றிய செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். வேலை முடிந்தபின் தனியே தேடிக்கொள்வதே பொழுதுபோக்கு என்னும் நமது எண்ணம் அங்கு வாழும் இருளர் பழங்குடியினருக்குப் பொருந்தாது. ஆடு மேய்த்தபடியே பாடிவந்த இருளர் பாடகி நஞ்சியம்மாவுக்கு 2022இல் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசியத் திரைப்பட விருது அறிவிக்கப்பட்டபோதே இது நமக்கு விளங்கியிருக்க வேண்டும். ஆனைகட்டி அருகே ஒரு சாவு வீட்டில் விடிய விடியக் கொகல் என்னும் குழலை ஊத, இடுப்பில் குழந்தையோடு பெண்கள் வட்டமாக ஆடியதைக் கண்டிருக்கிறேன். அங்கே வெறும் பார்வையாளனாக நின்றவன் நான் ஒருவன்தான், அதுவும் சற்றுக் கூச்சத்துடன்.

முன்பக்கம் மட்டுமே உள்ள மேடையில் வட்டம் எப்படி அமையும்? ஊர்த் தலைவரான மூப்பனையும் ஊர்க்கூட்டத்தையும் கலந்து, ஆடும் களத்தைத் திறந்தவெளியாகவே விட்டுவிட்டு, அரங்குக்கான தொகையைக் கொகல் கற்பிக்கும் முதியவர்களுக்கு அளிக்கலாம்.

ஒரு வாசகர், ஆனைகட்டி