மோட்டார் சைக்கிள் பயணச் சங்கத்தின் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சுதந்திர தினக் கொடியேற்றம் வழக்கம்போல் நடந்தது. ஆயுத பூஜையன்று எல்லா வண்டிகளுக்கும் சேர்த்துப் பூஜை போட்டோம். வால்பாறை, கோத்தகிரி, கொல்லிமலைப் பயணங்கள் நடந்தன. ரத்ததான முகாம் மழையால் தள்ளிப்போய், தை மாதத்தில் நடந்தது.

இனி இந்த ஆண்டின் முக்கிய வேலை. வால்பாறைப் பயணத்தில் ஆழியாறு தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது, ஈர ரோட்டில் நம் உறுப்பினர் ஒருவர் சறுக்கி விழுந்தது எல்லோருக்கும் தெரியும். நல்ல விலை கொடுத்து வாங்கிய ஜாக்கெட்தான். ஆனால் கை தொளதொளவென்று இருந்ததால் விழுந்த வேகத்தில் உள்ளிருந்த ஆர்மர், அதாவது அடி தாங்கும் அட்டை, பக்கவாட்டில் திரும்பிவிட்டது. அடி நேராக முழங்கை எலும்பில் விழுந்தது. அன்று இரவே, எல்லோருடைய ஜாக்கெட்டையும் பிரித்துப் பார்த்துவிட வேண்டும் என்று செயற்குழுவில் கேட்டு அனுமதி வாங்கினேன்.

பார்த்ததைச் சொல்கிறேன். பெரும்பாலான ஜாக்கெட்டுகளில் தோளிலும் முழங்கையிலும் லெவல் 1 ஆர்மர் இருக்கிறது. ஜாக்கெட்டின் முதுகுப் பக்கத்தில் ஆர்மர் வைக்கும் உள்பையில் இருப்பது வெறும் ஸ்பாஞ்ச். அது வடிவத்துக்கு வைத்தது, அடியைத் தாங்காது. பேன்ட்டில் இடுப்பு ஆர்மருக்கான பை பலருக்குக் காலி. ஹெல்மெட்டுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் என்று சட்டம் இருக்கிறது. ஜாக்கெட்டுக்கு அப்படி எதுவும் இல்லாததால் நாம்தான் பார்த்து வாங்க வேண்டும். 'சிஇ' என்ற ஐரோப்பிய முத்திரையின் இரண்டு எழுத்து மட்டும் போதாது. தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் ஆர்மரில் ஈஎன் 1621-1 என்ற ஐரோப்பிய தர எண்ணும், முதுகு ஆர்மரில் ஈஎன் 1621-2 என்ற எண்ணும், பக்கத்தில் லெவல் எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும்.

லெவல் 1, லெவல் 2 இரண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்டவர்களுக்காக இது. சோதனையில் 50 ஜூல் அடி கொடுக்கிறார்கள். ஏறக்குறைய 5 கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போடுவது அது. கைகால் ஆர்மரில் அந்த அடி ஊடுருவி அடிப்பக்கம் வரும் விசை சராசரியாக 35 கிலோநியூட்டனுக்குள் இருந்தால் லெவல் 1, 20-க்குள் இருந்தால் லெவல் 2. முதுகுக்கு இதே கணக்கு 18, 9. அதாவது லெவல் 2-இல் ஏறக்குறைய பாதி. லெவல் 1 போட்டால் அந்த மீதிப் பாதியும் நம் எலும்புக்குப் போகிறது. முதுகு ஆர்மர் போட்டால் முதுகெலும்புக்கு ஒன்றும் ஆகாது என்று நான் சொல்லவில்லை. உடம்பு வளைந்து முறுக்கிக்கொண்டால் அது தடுக்காது. நேராக விழும் அடியைக் குறைக்கும். அதுவே பெரிய விஷயம்.

சரி, இருப்பதை எடுத்துவிட்டு லெவல் 2 ஆர்மருக்கு மாற்றுவது சுலபமா என்றால், இல்லை. ஒவ்வொரு கம்பெனியின் பையும் ஒவ்வொரு அளவு. பழைய பேப்பரில் பையின் வடிவத்தை வெட்டி வைத்து அளந்தோம். பை சின்னதாக இருக்கிறதே என்று கத்தரியால் ஆர்மரை நறுக்கியவர்களை மீண்டும் கேட்டுக்கொள்கிறேன்: நறுக்கிய ஆர்மருக்கு அந்த லெவல் முத்திரை பொருந்தாது. முழங்கால் ஆர்மரை நின்றுகொண்டு பார்க்காதீர்கள், வண்டியில் உட்கார்ந்து பாருங்கள். நிற்கும்போது சரியாக இருப்பது உட்கார்ந்ததும் மேலே ஏறிவிடும். முன்கைப் பட்டியை இறுக்கிக் கட்டாமல் லெவல் 2 வாங்கியும் பயனில்லை. நம் வெயிலுக்குக் காற்றுப் புகும் மெஷ் (வலைத்துணி) ஜாக்கெட் போடுகிறோம், ஆகவே துளையுள்ள ஆர்மரையே தேர்ந்தெடுத்தோம்.

மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்பதால் சங்கத்தின் பெயரிலேயே ஆர்டர் போட்டோம். இதில் எனக்கு ஒரு வருத்தம். பெயர் கொடுத்தவர்களில் சிலர் பார்சல் வந்த பிறகு போனை எடுக்கவில்லை. அவர்களுடைய முதுகு ஆர்மர்கள் இன்னும் சங்க அலமாரியில் இருக்கின்றன. பணம் சங்க நிதியிலிருந்து போயிருக்கிறது. செயலாளர் கமிஷன் பார்க்கிறார் என்றும் ஒரு பேச்சு காதில் விழுந்தது. பில்கள் அனைத்தும் பொருளாளரிடம் இருக்கின்றன, யாரும் எப்போதும் பார்க்கலாம். என் ஆர்மரையும் எல்லோரும் கொடுத்த விலைக்குத்தான் வாங்கினேன்.

வரவு செலவில் சென்ற ஆண்டைவிடச் சற்றே இறக்கம், மேற்படிக் காரணத்தால். சந்தா பாக்கியும் கணிசமாக உள்ளது. விரிவான கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். பயணத்துக்குத் திரண்டு வருகிறவர்கள் மாதக் கூட்டத்துக்கு வருவதில்லை. கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை, இல்லாமல் கூட்டம் கலைந்ததும் உண்டு.

கூட்டத்துக்கு மண்டபம் தந்தவர்களுக்கும், அளவெடுக்க ஞாயிற்றுக்கிழமைகளை விட்டுக்கொடுத்த இளம் உறுப்பினர்களுக்கும், பட்டிகளைச் சும்மா தைத்துக் கொடுத்த தையல்காரர் அண்ணனுக்கும் நன்றி.

வரும் ஆண்டு இடுப்பு ஆர்மரும் மார்பு ஆர்மரும் முடிக்க வேண்டும். மலைப் பயணங்களில் லெவல் 2 முதுகு ஆர்மர் கட்டாயம் என்ற தீர்மானத்தை இன்று முன்வைக்கிறேன். இந்தப் பொறுப்பை வேறு யாராவது ஏற்பதானால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன், அளவுத் தாள்கள் எல்லாம் தயாராக உள்ளன. நானே தொடர வேண்டும் என்றால் அலமாரி முதலில் காலியாக வேண்டும். சாவி என்னிடம் இருக்கிறது. பெயர் கொடுத்தவர்கள் கூட்டம் முடிந்ததும் பணத்தைக் கட்டி வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
செயலாளர்