ஆற்றில் இறங்கும் முன்

அன்புள்ள மகளுக்கு,

வருகிற ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாக ஆற்றங்கரைக்குப் போகிறீர்கள் என்று கேட்டதிலிருந்து எனக்கு ஒரே சந்தோஷம். பிள்ளைகள் ஓடுகிற தண்ணீரில் இதுவரை கால் வைத்ததில்லையே, அதனால்தான் எழுதுகிறேன்.

போனதும் இறங்கிவிடாதீர்கள். கொஞ்ச நேரம் நின்று ஆற்றைப் பாருங்கள். ஆறு வளையும் இடத்தில், வளைவின் வெளிப்பக்கம் தண்ணீர் வேகமாக ஓடி அடியை அரித்துவிடும். அங்கே ஆழம் அதிகம். உட்பக்கம் வேகம் குறைந்து மணல் படிந்திருக்கும். பிள்ளைகளுக்கு அந்தப் பக்கம்தான் சரி. அங்கும் மாப்பிள்ளை முதலில் ஒரு கம்பை ஊன்றிப் பார்க்கட்டும், மணல் அள்ளிய குழி மேலிருந்து தெரியாது. முழங்கால் அளவுத் தண்ணீர்கூட வேகமாக ஓடினால் பெரியவர்களையே சாய்த்துவிடும். தடுப்பணைக்குக் கீழே பக்கத்திலேயே போக வேண்டாம். விழுகிற தண்ணீர் திரும்பித் திரும்பிச் சுழன்று ஆளை வெளியே விடாது.

நீங்கள் இருக்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் ஆறு வரும் வழியில் மேலே மழை பெய்திருக்கலாம், அணையைத் திறந்திருக்கலாம். தெளிந்த தண்ணீர் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால் உடனே எல்லோரையும் மேட்டுக்கு ஏற்றிவிடு. செருப்பை எடுக்கக்கூடத் திரும்பாதே.

நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்றுதான். நாலு பெரியவர்கள் இருந்தால், மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று நாலு பேருமே விட்டுவிடுவார்கள். அதனால் முறை வைத்துக்கொள்ளுங்கள். முறை யாருடையதோ அவர் கையில் போன் இருக்கக் கூடாது, பேச்சுக்கும் போகக் கூடாது. மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்தாது, கையாட்டிக் கூப்பிடாது. மூச்சு விடவே திணறும்போது குரல் எங்கிருந்து வரும்? யாரையாவது தண்ணீர் இழுத்தால் பின்னாலேயே குதிக்காதீர்கள். கரையிலிருந்தே கம்பை நீட்டுங்கள், கயிற்றை வீசுங்கள். காற்றடைத்த டியூபை நம்பாதே, பிள்ளைகளின் அளவுக்குச் சரியான லைஃப் ஜாக்கெட் கிடைத்தால் போட்டுவிடு.

சரி, இனி பயமுறுத்தவில்லை. சின்னவனைக் கரையில் கல் பொறுக்கச் சொல். மலையில் உடைந்தபோது கூராக இருந்த கல், தண்ணீரில் உருண்டு உரசித்தான் இப்படி வழவழப்பானது என்று அவனுக்குச் சொல். பெரியவள் ஓர் இலையைக் கரையோரமாக மிதக்க விட்டு, பத்தடி போக எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணட்டும். அப்புறம் நடு ஆற்றில் தானாக மிதந்து போகிற இலையையும் பார்க்கட்டும். எங்கே வேகம் அதிகம் என்று அவளே கண்டுபிடித்துவிடுவாள். அவள் முகத்தை அப்போது பார்க்க எனக்கு ஆசை, ஒரு படம் எடுத்து அனுப்பு.

இருட்டும் முன் கிளம்பிவிடுங்கள். வீடு வந்ததும் போன் பண்ணு, எந்நேரமானாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அம்மா