ஸ்பிட்ஃபயர் 1500 சஸ்பென்ஷன் வேலை: குறைகளைச் சரிசெய்து தரக் கோரும் புகார்

அனுப்புநர்:
காரின் உரிமையாளர்,
தாப்பா, பேராக்.

பெறுநர்:
நிர்வாகி,
பழைய கார் சீரமைப்புப் பட்டறை,
ஈப்போ.

பொருள்: 1976ஆம் ஆண்டு ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் 1500, முன்பின் சஸ்பென்ஷன் வேலை

ஐயா, வணக்கம்.

உங்கள் பட்டறையில் சஸ்பென்ஷன் முழுவதையும் பிரித்துப் பூட்டிய இந்தக் காரின் குறைகளைத் தொலைபேசியில் சொன்னபோது, "பழைய ஸ்போர்ட்ஸ் கார் அப்படித்தான் ஓடும், பழகிக்கொள்ளுங்கள்" என்ற பதில் கிடைத்தது. அதை ஏற்க முடியாததால் எழுத்தில் தருகிறேன். ஸ்பிட்ஃபயருக்கென்று சில குணங்கள் உண்டு. குண்டும் குழியுமான ரோட்டில் டேஷ்போர்டு நடுங்கும். ஜாக் போட்டு இறக்கினால் பின் சக்கரங்கள் கொஞ்ச நேரம் உள்ளே மடங்கியபடி நிற்கும். இவற்றைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. உங்கள் வேலைக்குப் பிறகு புதிதாக வந்தவற்றைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

முதலில் பின்புறம், ஏனென்றால் உயிருக்கு ஆபத்து அங்கேதான் அதிகம்.

இந்தக் காரின் பின் சக்கரங்கள் ஸ்விங் ஆக்ஸில் முறையில் அமைந்தவை. இருபுற அரை ஆக்ஸில்களுக்கும் டிஃபரன்ஷியல் (பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் கியர்ப்பெட்டி) பக்கத்தில் மட்டுமே யுனிவர்சல் ஜாயிண்ட், அதாவது மடங்கும் மூட்டு. சக்கரத்தின் பக்கம் கிடையாது. ஆகவே பின்பகுதி மேலே எழும்பும் அளவுக்குச் சக்கரத்தின் அடிப்பாகம் உள்ளே மடங்கும். வேகமாக ஒரு வளைவில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் எடை முன்னே சாய்ந்து, பின்பகுதி எழும்பி, வெளிப்பக்கச் சக்கரம் டயரின் விளிம்பில் நிற்கும். அந்த நொடியில் பின்பக்கம் வழுக்கி வெளியே போகும். 1962இல் வந்த முதல் ஸ்பிட்ஃபயருக்குக் கெட்ட பெயர் வந்தது இதனால்தான்.

1970இல் ஸ்பிட்ஃபயரின் மார்க் 4 மாடல் வந்தபோது ட்ரையம்ப் கம்பெனி இதற்கு மலிவான, ஆனால் கெட்டிக்காரத்தனமான ஒரு வழி கண்டது. குறுக்கே கிடக்கும் லீஃப் ஸ்பிரிங்கில் (பிளேட்டுகளை அடுக்கிய ஸ்பிரிங்) ஒரே ஒரு பிளேட்டை டிஃபரன்ஷியலோடு இறுக்கிவிட்டு, மற்ற பிளேட்டுகளை ஸ்பிரிங்கின் நடுவே உள்ள பெட்டிக்குள் ஊசலாட விட்டார்கள். இதைத்தான் ஸ்விங் ஸ்பிரிங் என்கிறோம். இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறி இறங்கினால் எல்லாப் பிளேட்டும் எடையைத் தாங்கும். வண்டி பக்கவாட்டில் சாய்ந்தால் அந்த ஒரு பிளேட் மட்டுமே எதிர்க்கும். சாய்வைத் தாங்கும் வேலையின் பெரும்பங்கு முன்புற ஆன்டி-ரோல் பாருக்கு (வண்டி சாய்வதைத் தடுக்கும் கம்பி) போகிறது. அதனால் அதையும் தடிமனாக்கினார்கள். 1500 மாடலில் அரை ஆக்ஸில்களும் ஆரம்பகால மாடல்களைவிட நீளம்.

உங்கள் ஃபோர்மேன் பிளேட்டுகள் ஆடுவதைப் பார்த்து 'லூஸ்' என்று முடிவு கட்டியிருக்கிறார். பெட்டியை ஒட்டி இரண்டு பக்கமும் தகடு வைத்து, யூ-போல்ட் போட்டு, எல்லாப் பிளேட்டையும் சேர்த்து இறுக்கியிருக்கிறார். பில்லில் 'பின் ஸ்பிரிங் ஆட்டம் சரிசெய்தது' என்று அதற்குத் தனிக்கூலியும் போட்டிருக்கிறீர்கள். அந்த ஆட்டம் அங்கே இருந்தே ஆக வேண்டும். அதைக் கட்டிப்போட்டதால் ட்ரையம்ப் 1970இல் திருத்திய குறை இந்த வண்டிக்குத் திரும்பி வந்துவிட்டது. தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்குப் போகும் 59ஆம் எண் சாலையை நீங்கள் அறிவீர்கள். மழையில் இறங்கி வரும்போது எதிரே காய்கறி லோரி கோட்டைத் தாண்டி வந்தால் எந்த ஓட்டுநரும் வளைவின் நடுவே காலை எடுக்கத்தான் செய்வார். அங்கே இந்த வேலை ஆளைக் கொன்றுவிடும்.

இதே அறியாமைதான் டயரிலும். நான்கு டயரிலும் 32 பிஎஸ்ஐ காற்று அடித்துக் கொடுத்தீர்கள். 155 எஸ்ஆர் 13 டயருக்குக் கம்பெனி சொன்னது முன்னால் 21, பின்னால் 26. முன் டயரில் காற்று குறைவாக இருப்பது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு: வளைவில் முன்பக்கம் முதலில் தளர்ந்தால்தான் பின்பக்கம் அடங்கி வரும். புரோட்டோனுக்கோ பெரோடுவாவுக்கோ அடிக்கிற கணக்கை இதில் போடக்கூடாது.

அடுத்து முன்புற ட்ரன்னியன், அதாவது முன் சக்கரம் திரும்புவதற்கான கீழ் மூட்டு. வெர்ட்டிகல் லிங்க்கின் (முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டு) அடியில் உள்ள மரை, வெண்கல ட்ரன்னியனுக்குள் திருகி நிற்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுழல்கிறது. இதற்கு இ.பி. 90 கியர் ஆயில் போட வேண்டும் என்று கையேடு சொல்கிறது: 6,000 மைலுக்கு ஒருமுறை, அடைப்புத் திருகைக் கழற்றி, அங்கே நிப்பிளை (எண்ணெய் செலுத்தும் முனை) பூட்டி, ஆயில் நிரப்பிய கன்னால் மேலே கசியும் வரை அழுத்த வேண்டும். ஆயில் மரையிடுக்கில் ஏறி மேல்வரைக்கும் பரவும். கிரீஸ் போட்டாலோ, அது நிப்பிள் இருக்கும் இடத்திலேயே தங்கி, நாளடைவில் இறுகி, புதிய எண்ணெயும் போகவிடாமல் வழியை அடைக்கும். பிறகு சீல் வழியே தண்ணீர் இறங்கும், எஃகு மரையில் துரு பிடிக்கும், குழி விழும், அந்தக் குழியிலிருந்து விரிசல் கிளம்பும். ஒருநாள் லிங்க் முறிந்து சக்கரம் அப்படியே படுத்துவிடும். பார்க்கிங்கில் முழுக்கத் திருப்பும்போது முறிந்தால் அது அதிர்ஷ்டம். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் ரோடும் பேராக் மழையும் உள்ள ஊரில் இதற்கு நிறைய காலம் பிடிக்காது.

என் காரில் இரண்டு பக்கமும் ரப்பர் சீல் ஓரத்தில் கிரீஸ் பிதுங்கி நிற்கிறது. (நிப்பிளைக் கண்டால் கிரீஸ் அடிக்கத் தோன்றும்தான், இங்கிலாந்திலும் இந்தத் தவறு நடப்பதுண்டு. ஆனால் பழைய ஆங்கிலக் கார்களே உங்கள் சிறப்பு என்று விளம்பரப் பலகையில் எழுதியிருக்கிறீர்கள்.) அதோடு, பூட்டும்போது லிங்க்கை மரையின் அடிமட்டம் வரை திருகி அப்படியே விட்டிருக்கிறார்கள். முழுக்கத் திருகியபின், இருபக்கமும் ஸ்டியரிங் முழுதாகத் திரும்பும் அளவுக்குக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். அது செய்யாததால் ஒரு பக்கம் முழுக்கத் திருப்பும்போது ஸ்டியரிங் இறுகி நிற்கிறது. அந்த இடத்தில் கையில் தெரியும் சுமை முழுவதும் அந்த மரையின் மேல்தான்.

கீழ் விஷ்போன் (முன் சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் கை) பிராக்கெட்டுகளுக்கும் சேசிஸுக்கும் இடையில் இருந்த ஷிம்களும் (மெல்லிய இடைத்தகடுகள்) காணவில்லை. முன் கேம்பரை, அதாவது சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் கோணத்தை, சரிசெய்ய இந்தக் காரில் இருக்கும் வழி அவை மட்டுமே. பின்புற ரேடியஸ் ஆர்ம் (பின் சக்கரத்தை முன்பின் நகராமல் பிடிக்கும் கை) பிராக்கெட் ஷிம்களும் மாறி வந்திருக்கின்றன. பின் சக்கரத்தின் டோ (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) அவற்றால் அமைகிறது. மூட்டுகளில் உள்ள ரப்பர் புஷ்கள் அனைத்தையும் சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கியிருப்பதால் அவை எப்போதும் முறுக்கிக்கொண்டே இருக்கின்றன, சீக்கிரமே கிழியும். அலைன்மென்ட் அளவும் ஹாய்ஸ்ட்டிலிருந்து இறக்கிய கையோடு எடுக்கப்பட்டது. சக்கரம் உள்ளே மடங்கி நிற்கும்போது எடுத்த அந்தத் தாளைக் குப்பையில்தான் போட வேண்டும்.

நான் கேட்பது இது. கார் ஓட்டிவரும் நிலையில் இல்லை. உங்கள் செலவில் பிளாட்பெட் லோரி அனுப்புங்கள். யூ-போல்ட்டையும் தகட்டையும் அகற்றி, பிளேட்டுகள் பெட்டிக்குள் ஊசலாடுவதை என் முன்னால் காட்ட வேண்டும். இரண்டு ட்ரன்னியனையும் கழற்றி, மண்ணெண்ணெயில் கிரீஸை முழுக்கக் கழுவி, மரையைப் பார்க்க வேண்டும். கண்ணுக்குக் குழி தெரியாவிட்டாலும் டை பெனட்ரன்ட் (விரிசலுக்குள் ஊறும் சாயம்) போட்டு விரிசல் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். குழியோ விரிசலோ இருந்தால் லிங்க்கும் ட்ரன்னியனும் ஜோடியாகப் புதிதாக வர வேண்டும்; இரண்டு பக்கத்து மரையும் எதிரெதிர் என்பதால் வாங்கும்போது கவனம். புதிய சீல் போட்டு, கியர் ஆயில் நிரப்பி, பூட்டி, ஒவ்வொரு பக்கத்திலும் ஸ்டியரிங் தடையின்றிக் கடைசிவரை திரும்ப வேண்டும்.

புஷ் போல்ட்டுகளைத் தளர்த்தி, இரு சீட்டிலும் 68 கிலோ வீதம் எடை வைத்து, காரைச் சில மீட்டர் முன்னும் பின்னும் உருட்டி, சக்கரங்கள் படிந்த பிறகு இறுக்குங்கள். அதே நிலையில் கேம்பர், டோ அளந்து ஷிம் போட்டு, எழுதப்பட்ட அளவுத்தாளைத் தாருங்கள். கழற்றிய பழைய ஷிம்களும் பாகங்களும் என்னுடையவை, அவையும் திரும்ப வேண்டும். 'ஸ்பிரிங் ஆட்டம்' கூலியையும் அலைன்மென்ட் கூலியையும் திருப்பித் தாருங்கள்.

இக்கடிதம் கிடைத்த 14 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், வேறொருவரிடம் இந்த வேலையைச் செய்துகொண்டு, அந்தச் செலவோடு பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் வழக்கைப் பதிவு செய்வேன். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், சேவை தருபவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்ய வேண்டும் என்கிறது. அங்கே 50,000 ரிங்கிட் வரை கோரலாம், பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட்தான்.

இப்படிக்கு,
காரின் உரிமையாளர்

இணைப்பு: பில் நகல், அலைன்மென்ட் தாள், ஸ்பிரிங் பெட்டி மற்றும் ட்ரன்னியன் சீல் படங்கள்