செயலாளரின் ஆண்டறிக்கை: மருத்துவரின் பணிச்சோர்வும் முதல்நிலைச் சிகிச்சையின் தரமும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வேலூர், காட்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டு, அணைக்கட்டு பகுதிகளிலிருந்து வந்திருக்கும் மருத்துவர்களே, செவிலியர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தனி கிளினிக்குகளிலும் பணிபுரியும் நம்மவர்களின் பணிச்சோர்வும், அதனால் நோயாளிக்கு நேரும் குறையுமே இவ்வாண்டு நமது மாதாந்திரக் கூட்டங்களில் பெரும்பாலும் பேசப்பட்டன. உறுப்பினர் சேர்க்கையும் முகாம்களும் வழக்கம்போல் நடைபெற்றன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் சமர்ப்பிப்பார்.

பணிச்சோர்வை மனவலிமைக் குறைவு என்று கருதுவோர் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்போ, சரிவரக் கையாளப்படாமல் நீடிக்கும் பணியழுத்தத்தின் விளைவு என்றே அதைக் குறிப்பிடுகிறது. அதை நோய்களின் பட்டியலில் சேர்க்கவில்லை. தீராத அயர்ச்சி, வேலையில் பற்று விட்டுப்போதல், செய்திறன் குன்றுதல் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். 47 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளியான ஆய்வொன்று, பணிச்சோர்வுள்ள மருத்துவர்களிடம் நோயாளியின் பாதுகாப்புக்கு ஊறு நேர்வதற்கான வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு என்று கண்டது. மருத்துவர்கள் தாமே தெரிவித்த தகவல்களில் இத்தொடர்பு வலுவாகவும், நிறுவனப் பதிவேடுகளில் வலுக்குறைந்தும் இருந்ததால், இதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ள இயலாது என்பதையும் கூட்டத்தில் விவாதித்தோம்.

ஆயினும் நம் ஊரில் நாம் அன்றாடம் காண்பதற்கு ஆய்வு தேவையில்லை. குடியாத்தம் பக்கத்தில் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோயுள்ள, பீடி சுற்றிப் பிழைக்கும் ஓர் அம்மா மாத்திரை வாங்க வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வருவதால் பாதம் வெறுமையாகத்தான் இருக்கிறது. குனிந்து பார்த்தாலே போதும். நாட்பட்ட சர்க்கரை நோயால் மரத்துப்போன பாதத்தில் புண் வலிப்பதில்லை என்பதால் அவராக அதைச் சொல்லவும் மாட்டார். ஆனால் வரிசை வாசலைத் தாண்டி நிற்கையில், களைத்த மருத்துவர் சர்க்கரை அளவை மட்டும் பார்த்துவிட்டுப் பழைய மாத்திரையையே எழுதிக் கொடுக்கிறார். களைப்பில் முதலில் கைவிடப்படுவது இந்தப் பாதப் பரிசோதனைதான் என்று உறுப்பினர்கள் பலரும் ஒருமித்துக் கூறினர். இந்தியாவில் முதல்நிலை மருத்துவர் ஒரு நோயாளியைப் பார்க்கும் நேரம் ஏறக்குறைய 2 நிமிடமே என்றும், சுவீடனில் அது 22 நிமிடத்துக்கும் மேல் என்றும் 2017-இல் வெளியான பன்னாட்டு ஒப்பீடு கூறுகிறது. அந்த 2 நிமிடத்திலும் பாதி பதிவேட்டுக்குப் போய்விடுகிறது என்பதே நமது மனக்குறை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால் மாத்திரைகள் வீட்டுக்கே செல்கின்றன. இது பெரும் நன்மை. அதனாலேயே, நோயாளி எப்போதேனும் நேரில் வரும்போது முழுமையாகப் பரிசோதிப்பது முன்னைவிட அவசியமாகிறது.

ஓய்வு எடுத்தால் ஈடுபாடு தானே திரும்பிவிடும் என்று செயற்குழு கருதவில்லை. தன் நோயாளியின் புண் ஆறியதைத் தானே காணும் மருத்துவருக்கு வேலையில் பிடிப்பு இருக்கிறது; வெறும் சீட்டு எழுதுபவருக்கு அது நிலைப்பதில்லை. ஆகவே பாதப் பரிசோதனையையும் இரத்த அழுத்தம் பார்ப்பதையும் பயிற்சி பெற்ற செவிலியர் முன்கூட்டியே முடித்து, குறையுள்ளவர்களை மருத்துவரிடம் அனுப்பும் முறையைச் சில கிளினிக்குகளில் தொடங்கியுள்ளோம். ஒரே தகவலைக் காகிதத்திலும் கணினியிலும் எழுதும் இரட்டைப் பதிவை நீக்கக் கோரும் மனுவும் தயாராக உள்ளது.

பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை போன்ற மலை ஊராட்சிகளின் மக்களுக்குச் சேவை செய்யும் மருத்துவர் விடுப்பு எடுத்தால் மாற்று ஆள் கிடைப்பது அரிது. இதற்குத் தீர்வு காண இவ்வாண்டு நம்மால் இயலவில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. தனி கிளினிக் நடத்துவோர் ஒருவர் விடுப்பில் மற்றவர் பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டை வரும் ஆண்டில் நடைமுறைப்படுத்தப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன். மனவுளைச்சல் உள்ளவர்கள், மருத்துவர்களே ஆனாலும், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் தொலைபேசி வழி மனநல ஆலோசனைச் சேவை) எண்ணைத் தயங்காமல் அழைக்கலாம்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்