பழைய துணிக்காரியின் கடிதம்

மயிலாப்பூர்,
சென்னை - 4.

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்தது. மகன் விடுதியில் சேர்ந்துவிட்டான், வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது என்று எழுதியிருந்தாய். இரண்டு வாரம் பொறு, அழுக்குத் துணி மூட்டையோடு வந்து நிற்பான்.

"விஜி பழைய துணி வியாபாரமாமே?" என்று உன் மாமியார் கேட்டாராமே. ஆமாம் என்றே சொல்லிவிடு. பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுத்தவர்கள் செய்த அதே வியாபாரம்தான். நான் பாத்திரத்துக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் போடுகிறேன், விற்பது இணையத்தில்.

வாங்க ஆள் இருக்கிறது. சரக்கு பிடிப்பதுதான் பாடு. வரவேற்பன்று ஒரு மாலை உடுத்திய லெஹெங்கா, துபாயிலிருந்து வந்த கைப்பை எல்லாம் ஆழ்வார்ப்பேட்டை பீரோக்களில் தூங்குகின்றன. விற்க ஆசைதான், ஆனால் பணமுடையோ என்று ஊர் பேசிவிடக் கூடாது. காரைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, காய்கறிப் பைக்குள் வைத்து எடுத்து வருகிறார்கள்!

லூயி விட்டான் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் கைப்பை வந்தால் முதலில் கைப்பிடியைத்தான் பார்ப்பேன். பூப்போட்ட அந்த உடல் தோலே இல்லை, பூச்சுக் கொடுத்த கித்தான். கைப்பிடியோ சாயமேற்றாத மாட்டுத்தோல். வெயிலும் கைவியர்வையும் பட்டுத் தேன் நிறமாகிவிடும். பத்து வருடம் தூக்கிய பை என்று சொல்லி, கைப்பிடி வெளேரென்று இருந்தால் பிடியை மாற்றியிருக்க வேண்டும், இல்லையென்றால் கதை பொய். எப்போது செய்தது என்று காட்ட உள்ளே அச்சிட்ட தேதிக் குறியை நம்புவதற்கில்லை, போலி செய்கிறவனும் அதை அச்சிடுகிறான். 2021 முதல் அந்த நிறுவனமே குறியை விட்டுவிட்டுச் சிப் பொருத்துகிறது. சந்தேகம் வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். "சிங்கப்பூர் அத்தை கொடுத்தது, போலியாக இருக்குமா?" என்று கோபிப்பார்கள். அத்தையின் மேல் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை என்று சொல்லி அனுப்பிவைப்பேன். போலியை விற்று மாட்டினால் 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டப்படி மூன்று ஆண்டு வரை சிறை. யார் அத்தைக்காகவும் நான் உள்ளே போக முடியாது.

வெளிமாநிலத்துக்கும் அனுப்புவதால் ஜிஎஸ்டி பதிவு செய்துவிட்டேன். பழைய பொருளுக்கு ஒரு சலுகை உண்டு: உள்ளீட்டு வரியை, அதாவது வாங்கும்போது கட்டிய வரியை, கழித்துக்கொள்ளாவிட்டால், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டினால் போதும்.

வரியைவிடப் பெரிய தலைவலி நம் ஊர் ஈரக்காற்று. பிளாஸ்டிக் உறையில் கட்டிவைத்த தோல் பை ஐப்பசி மழைக்குள் பூஞ்சை பூத்துவிடும். பருத்தித் துணியில் சுற்றி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைக்கிறேன். படமெடுக்கும்போது மூலைத் தேய்மானத்தையும் உள்துணியில் இருக்கும் பேனாக் கறையையும்தான் முதலில் எடுப்பேன். மறைத்தால் பொருள் திரும்பி வரும், இரண்டு பக்கக் கூரியர் செலவும் என் தலையில்.

உன் நாத்தனாரின் லெஹெங்காவைப் பற்றிக் கேட்டிருந்தாய். ரசீதைத் தேடி எடுக்கச் சொல். உள்தையலில் எவ்வளவு துணி விட்டிருக்கிறது என்று அளந்து எழுது. பிரித்துத் தைக்க முடிந்தால்தான் விலை போகும். சலவைக்கு இப்போது கொடுக்க வேண்டாம். தை மாதக் கல்யாணத்துக்கு வரும்போது கையோடு கொண்டுவா. வாங்கிய விலையில் பாதிகூடக் கிடைக்காது என்பதை மட்டும் நீ சொல்லிவிடாதே, நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
விஜி