பாப்பாவுக்கு

பாப்பா,

வாட்ஸாப்பில் நம் ரஷ்யப் பியானோக்காரர் மெட்னரின் பாட்டு ஒவ்வொன்றாக அனுப்பிக்கொண்டே இருக்கிறேன், நீல டிக் விழுகிறது, பதில்தான் வருவதில்லை. வேலையாக இருப்பாய், சரி. வேளைக்குச் சாப்பிடு.

1947இல் லண்டனில் எச்.எம்.வி.க்காக அவரே வாசித்த பதிவுகளைத்தான் இப்போது கேட்கிறேன். அப்போது அவருக்கு 67 வயது, இதய நோய் வேறு, இருந்தும் பியானோவுக்கும் ஆர்க்கெஸ்ட்ராவுக்குமாக எழுதிய தன் மூன்று கான்செர்ட்டோவையும் பில்ஹார்மோனியா ஆர்க்கெஸ்ட்ராவோடு வாசித்து முடித்திருக்கிறார். காசு போட்டவர் மைசூர் மகாராஜா ஜெயசாமராஜ உடையார், பின்னால் மெட்ராஸுக்கு கவர்னராக வந்தாரே, அவரேதான். மூன்றாவது கான்செர்ட்டோ அவருக்குத்தான் சமர்ப்பணம். மாடி வீட்டு மாமா நம்பவே இல்லை. "என் பெண் சொல்லித்தான் எனக்கு மெட்னர் பேரே தெரியும்" என்று கொஞ்சம் பெருமையாகவே சொல்லிவைத்தேன்.

இன்னொரு ரஷ்யப் பியானோக்காரர் ராக்மனினாஃப் தன் நாலாவது கான்செர்ட்டோவை மெட்னருக்குத்தான் சமர்ப்பித்தார். ஆனால் அவருக்குக் கூடிய கூட்டம் இவருக்குக் கூடவில்லை. 1921இல் ரஷ்யாவை விட்டு வந்து, ஜெர்மனி, பிரான்ஸ் என்று அலைந்து, கடைசியில் லண்டனில் பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். அதற்காகப் பியானோவை மூடிவிட்டாரா? இளம் வயதில் தொடங்கிய குவின்டெட்டை, ஐந்து வாத்தியத்துக்கான பாட்டை, 1949இல்தான் முடித்தார். உனக்காகச் சொல்லவில்லை, அவரைப் பற்றிச் சொல்கிறேன்.

பழைய தட்டு, இரைச்சல் இருக்கும். சுத்தமாகக் கேட்க இந்தக் காலத்துப் பியானோக்காரர் ஹாமெலின் வாசித்த மெட்னரின் 14 சொனாட்டாக்கள் இருக்கின்றன, விரலில் ஒரு குறை சொல்ல முடியாது, ஆனால் கிழவர் வாசிப்பதே எனக்குப் பிடித்திருக்கிறது, எங்கேயும் குழையாமல் தாளத்தைப் பிடித்துக்கொண்டு நேராகப் போகிறார். ரெமினிசென்சா சொனாட்டாவுக்கு மட்டும் பியானோக்காரர் கிலெல்ஸின் வாசிப்புதான். டிப்ளமா சமயத்தில் நீ அதன் முதல் பக்கத்தையே ராத்திரியெல்லாம் வாசித்து, கீழ் வீட்டிலிருந்து சண்டைக்கே வந்தார்களே. நன்றாகத்தான் வாசித்தாய். அவர்களிடமும் அதைத்தான் சொன்னேன்.

பியானோவை யாருக்கோ கொடுத்துவிட்டாய் என்று அம்மா சொன்னாள். சின்ன வீடு, வாடகையும் அதிகம், புரிகிறது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான்.

மெட்னரை அடக்கம் செய்திருப்பது லண்டன் ஹென்டன் கல்லறைத் தோட்டத்தில், உன் வீட்டிலிருந்து பஸ்ஸிலேயே போய்விடலாம் போலிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் போட்டோ எடுத்து அனுப்பு. பச்சை ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு போ. வேளைக்குச் சாப்பிடு. அப்புறம், பியானோ அங்கே மாத வாடகைக்கும் கிடைக்குமாம், பணம் வேண்டுமென்றால் அம்மாவிடம் சொல், என்னிடம் சொல்ல வேண்டும் என்றில்லை.

அப்பா